நாக்கில்லாத எழுத்து

மலையில் பிறந்த ஓர் ஆறு, கடலைச் சேருவதற்குள் மூன்று பேச்சுகளைக் கடந்து ஓடிய நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அந்த நாட்டின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சிறியவர்களும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். ஆனால் முடிவில் எல்லாம் நல்லபடியாக ஆகிவிடும் என்று எண்ணிக்கொண்டு கேட்காதீர்கள்.

அந்த நாட்டுக்குத் தாழைநாடு என்று பெயர். ஆறு பிறக்கும் மலையில் குன்றவர் வாழ்ந்தார்கள். அவர்கள் தினை விதைத்தார்கள், தேன் எடுத்தார்கள். ஆறு விரிந்து பாயும் சமவெளியில் வயலார் வாழ்ந்தார்கள். அவர்கள் நெல் விளைத்தார்கள், துணி நெய்தார்கள். ஆறு முடியும் கரையில் துறையார் வாழ்ந்தார்கள். அவர்கள் மீன் பிடித்தார்கள், உப்பு விளைத்தார்கள்.

குன்றவர் பேச்சு வயலாருக்குப் புரியாது. வயலார் பேச்சு துறையாருக்குப் புரியாது. துறையார் பேச்சு குன்றவருக்குப் புரியாது. வயலார் பேசியது நீங்களும் நானும் பேசுகிற இதே பேச்சுதான். மற்ற இரண்டும் வேறு.

மூன்று கூட்டத்துக்கும் அரசனாக நெடுங்கோ என்பவன் இருந்தான். அவன் வயலார் குலத்தில் பிறந்தவன். கொடியவன் அல்லன், சோம்பேறியும் அல்லன். குடிமக்களிடம் பேசுவதற்கு அவனிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் கரவன் என்று ஒருவன் இருந்தான்.

ஒருநாள் பூழன் என்ற குன்றவனை மாடு திருடினான் என்று சொல்லிக் கட்டி இழுத்து வந்தார்கள். அரசன் விசாரித்தான். பூழன் தன் பேச்சில் பதில் சொன்னான்: "யாரோ மாடுகளைக் காட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீரில்லாமல் கத்தின. நான்தான் அவிழ்த்துவிட்டேன்."

கரவனுக்குப் பூழன்மேல் பழைய பகை ஒன்று இருந்தது. அவன் அரசனிடம் திரும்பி, "நான்தான் அவிழ்த்தேன் என்கிறான்" என்று மட்டும் சொன்னான்.

பூழன் தூக்கில் தொங்கினான். அடுத்த மாதமே உண்மைத் திருடன் அகப்பட்டான்.

நெடுங்கோ அன்று முழுவதும் சாப்பிடவில்லை. பிறகு அவையைக் கூட்டி ஆணையிட்டான்: "என் சொல்லுக்கும் என் குடிகளுக்கும் நடுவில் இனி ஒரு நாக்கு நிற்கக் கூடாது. மொழிபெயர்ப்பவர் யாராக இருந்தாலும் எல்லைக்கு அப்பால் போகட்டும். அரசாணையை வாயால் கொண்டு செல்பவனுக்குத் தண்டனை உண்டு."

கரவனும் போனான். பொய்யே சொல்லாதவர்களும் அவனோடு போனார்கள்.

அதன் பிறகுதான் அரசன் சேந்தியை அழைத்தான்.

சேந்தி மண்டபச் சுவர்களில் சித்திரம் எழுதுகிறவள். அவள் ஒரு மீனை வரைந்தால், துறையார் அதைப் பார்த்து இது இன்ன மீன், இன்ன மாதத்தில் பிடித்த மீன் என்று சொல்வார்கள். அவள் தந்தை வயலார். தாய் துறையார். கணவனோடு சமவெளிக்கு வந்த அந்தத் தாய், கடைத்தெருவில் வாயைத் திறந்தாலே நான்கு பேர் சிரிப்பார்கள். அதனால் சாகும்வரை அவள் வீட்டுக்கு வெளியே உரக்கப் பேசியதே இல்லை. சேந்திக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் அலரி. அவள் தாயின் ஊரான துறைக்கே போய், திமிலன் என்ற மீனவனை மணந்துகொண்டு ஒரு பிள்ளையோடு வாழ்ந்தாள்.

அரசன் சேந்தியிடம் சொன்னான்: "மாட்டுக்கு மூன்று பேச்சில் மூன்று பெயர். ஆனால் மாட்டை வரைந்தால் மூவருக்கும் அது மாடுதான். நாக்குப் பொய் சொல்லும், கண் பொய் சொல்லாது. எனக்கு நாக்கில்லாத எழுத்து ஒன்று செய்து கொடு அம்மா. எல்லோரும் படிக்கட்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம்."

சேந்திக்கு அம்மாவின் நினைவு வந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்காத எழுத்து. அவள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டாள்.

முதல் ஆணை ஓலையாக இல்லாமல் துணியாகப் போனது. வெள்ளைத் துணியில் சேந்தி ஒரு காளையை வரைந்தாள். அதன் முதுகில் ஒரு மூட்டையை வரைந்தாள். அதற்கு முன்னால் அரண்மனையை வரைந்தாள். மேலே முழுநிலா. அறுவடை முடிந்த முழுநிலா நாளில் அரசனுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொண்டு வாருங்கள் என்பது பொருள்.

முழுநிலா வந்தது. மலையிலிருந்து தினை வந்தது. வயலிலிருந்து நெல் வந்தது. துறையிலிருந்து உப்பு வந்தது. ஒருவரும் தவறவில்லை.

ஊரே கொண்டாடியது. அரசன் சேந்திக்குப் பட்டாடை போர்த்தினான். மாறோகன் என்ற அமைச்சன் மட்டும் தயங்கியபடி நின்றான்.

"என்ன மாறோகா, உனக்கு மகிழ்ச்சி இல்லையா?" என்று அரசன் கேட்டான்.

"மகிழ்ச்சிதான் அரசே. ஆனால் ஆண்டுதோறும் இதே நிலாவுக்கு இதே மூட்டையைக் கொண்டு வருகிறவர்கள்தானே இவர்கள்? இவர்கள் படத்தைப் படித்தார்களா, பழக்கத்தைப் படித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை."

அரசன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மறு ஆண்டு மழை பொய்த்தது. மலையில் தினை கருகியது. வயலில் நிலம் வெடித்தது. கடலும் கலங்கிக் கிடந்தது. நெடுங்கோ கொடியவன் அல்லன் என்று சொன்னேன் அல்லவா? அவன் சேந்தியை அழைத்து, "இந்த ஆண்டு யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம் என்று எழுது" என்றான்.

சேந்தி தூரிகையை எடுத்தாள். காளையை வரைந்தாள். மூட்டையை வரைந்தாள். அரண்மனையை வரைந்தாள். அதற்குமேல் அவள் கை நகரவில்லை. வேண்டாம் என்பதை எப்படி வரைவது?

மூட்டையை வரையாமல் விட்டால், மூட்டை என்ற பேச்சே இல்லாமல் போகிறது. வரைந்தால், மூட்டை வந்து நின்றுவிடுகிறது. நெடுநேரம் யோசித்துவிட்டு, அரசனின் கையை வரைந்தாள். உள்ளங்கை மூட்டையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. நிறுத்து, வேண்டாம் என்று தள்ளும் கை.

வயலாருக்கு அது புரிந்தது. அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்ததால், அரசன் மனம் இரங்கிய செய்தி அவர்கள் காதுக்கு முன்பே வந்திருந்தது.

துறையார் அதைப் பார்த்தார்கள். மூட்டையும் கையும் தெரிந்தன. அரசன் கையால் மூட்டை கொடுக்கிறான் என்று எண்ணிக்கொண்டு, வெறும் படகுகளோடு ஆற்றில் ஏறி வந்து, களஞ்சியத்தின் முன் கை நீட்டி நின்றார்கள். காவலர்கள் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று எண்ணி அடித்து விரட்டினார்கள்.

குன்றவர் அதைப் பார்த்தார்கள். மூட்டையும் கையும் தெரிந்தன. அரசன் கை நீட்டிக் கேட்கிறான் என்று எண்ணினார்கள். கொற்றி என்ற அவர்களுடைய தலைவி, சில பெண்களோடு மலையிறங்கி வந்து, அரண்மனைப் படியில் ஒரு சிறிய முடிச்சை வைத்தாள். மாறோகன் அவிழ்த்துப் பார்த்தான். உள்ளே சாம்பல் பூசிய தினை. அடுத்த விதைப்புக்கு என்று வைத்திருந்த விதை.

அரசன் பதறிப்போய் முடிச்சைத் திருப்பிக் கொடுத்தான். கொற்றி அவன் முகத்தைப் பார்த்தாள். கொண்டு வந்தது குறைவு என்று அரசன் கோபிக்கிறான் என நினைத்தாள். காதில் கிடந்த வெள்ளித் தோட்டையும் கழற்றி முடிச்சின்மேல் வைத்துவிட்டு, கும்பிட்டபடியே பின்னோக்கி நடந்து போனாள். கூப்பிட்டு நிறுத்தி ஒரு சொல் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சொல்லத் தெரிந்தவர்களை எல்லாம் எல்லைக்கு அப்பால் அனுப்பியாகிவிட்டது.

அந்த ஆண்டு மலையில் விதைப்பு நடக்கவில்லை. எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதை எழுதி அனுப்ப அவர்களிடமும் எழுத்து இல்லை.

சேந்திக்கு இந்தச் செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், முன்னால் போட்டிருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை என்று வாய்க்குள் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். இலை. இல்லை.

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்த் துணியை விரித்தாள். மூட்டையை வரைந்தாள், பக்கத்தில் ஓர் இலையை வரைந்தாள். மூட்டை இல்லை. பிறகு கை தானாக ஓடியது. ஓடும் ஆற்றை வரைந்தால், ஆறு என்ற எண் ஆயிற்று. இடுப்பை வரைந்தால், அரை என்ற அளவு ஆயிற்று. பொருளை விட்டுவிட்டு அதன் பெயரில் உள்ள ஒலியைப் பிடித்துக்கொண்டால் போதும். பெயரின் முதல் ஒலியை மட்டும் கிள்ளி எடுத்தால், எந்தச் சொல்லையும் கோத்துவிடலாம். வேண்டாம் என்று எழுதலாம். ஒருவேளை என்று எழுதலாம். மன்னித்துவிடு என்றும் எழுதலாம்.

அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு அரசனிடம் ஓடினாள்.

அரசன் பார்த்தான். "மூட்டை... இலை... மூட்டை இல்லை" என்று படித்தான். அவன் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல இருண்டது. முற்றத்தில் உப்பு கொண்டு வந்த துறையார் ஒருவர் நின்றிருந்தார். அரசன் அவரை அழைத்துத் துணியைக் காட்டினான். அவர் மூட்டையைத் தொட்டார், இலையைத் தொட்டார், ஏதோ சொல்லி, வெற்றிலை மெல்லுவதுபோல் வாயை அசைத்துக் காட்டினார்.

அரசன் துணியைக் கீழே வைத்தான். "நாக்கு வேண்டாம் என்றேன். நீ அதை இலைக்குள் ஒளித்துக் கொண்டு வந்திருக்கிறாய்."

"ஆமாம் அரசே. நாக்கில்லாமல் 'இல்லை' என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருப்பதை வரையலாம், இல்லாததை எப்படி வரைவது? பேச்சோடு ஒட்டினால்தான் எழுத்து எல்லாவற்றையும் சொல்லும். குன்றவர் ஒலிக்கு ஒன்று செய்வோம். துறையார் ஒலிக்கு ஒன்று செய்வோம். நம் ஒலிக்கு ஒன்று செய்வோம். பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் கற்றுக்கொள்ளட்டும். நாள் ஆகும். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை."

"கற்றுக்கொண்டவன் நடுவில் வந்து நிற்பான். கரவன் நின்ற அதே இடத்தில் நிற்பான். இன்னொரு பூழன் தொங்குவான்."

"பொய் சொல்கிறானா என்று கேட்பதற்கு அப்போது இன்னும் பத்துப் பேர் இருப்பார்களே அரசே."

நெடுங்கோ இலை வரைந்த துணியை விளக்கில் காட்டினான். அது எரிந்து முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"படம் போதவில்லை என்றால் இன்னும் படங்கள் செய்" என்றான் அரசன். "உலகத்தில் எத்தனை பொருள் உண்டோ அத்தனை படம் செய்."

சேந்தி அப்போதே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அரசன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

அரண்மனைக்குப் பக்கத்தில் சித்திரச்சாலை ஒன்று எழுந்தது. அங்கே ஓவியர்கள் உட்கார்ந்து நாள்தோறும் புதுப்புதுப் படங்கள் செய்தார்கள். அச்சத்துக்கு மானை வரைந்தார்கள். குன்றவர் அதைப் பார்த்தால் நாக்கில் நீர் ஊறும், அவர்களுக்கு மான் என்றால் கறி. நீதிக்குத் துலாக்கோலை வரைந்தார்கள். துறையார் அதைப் பார்த்தால் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாளை என்பதற்கு உதிக்கும் சூரியனை வரைந்தார்கள். அது நேற்று உதித்த சூரியனைப் போலவே இருந்தது. படங்கள் பெருகப் பெருக, வரைந்தவர்களுக்கே அவை மறந்துபோயின. ஒரு படத்தின் பொருள் என்ன என்று ஓவியர்கள் தங்களுக்குள் வாயால் கேட்டுக்கொண்டார்கள். அதை யாரும் அரசனிடம் சொல்லவில்லை.

மூன்றாவது செய்தி வாந்திபேதியோடு வந்தது.

அந்தக் கோடையில் ஆறு வற்றிக் குட்டையாகிப் போனது. நாடெங்கும் மக்கள் வாந்தியும் பேதியுமாக விழத் தொடங்கினார்கள். அரண்மனை மருத்துவர்கள் ஊர் ஊராகப் பார்த்துவிட்டு அரசனிடம் சொன்னார்கள்: "ஆற்று நீரை அப்படியே குடிப்பவர்கள் விழுகிறார்கள். கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் பிழைக்கிறார்கள். இவ்வளவுதான். இதை எல்லோருக்கும் சொல்லிவிட்டால் பாதி உயிர் தப்பும்."

சேந்தி அரசனின் காலில் விழுந்தாள். "என்னைத் துறைக்கு அனுப்புங்கள். அவர்கள் பேச்சு என் தாயின் பேச்சு. வாயால் சொல்லிவிட்டு வருகிறேன். எல்லைக்கு அப்பால் இருப்பவர்களை மலைக்கு அனுப்புங்கள். இந்த ஒரு முறை மட்டும்."

மாறோகனும், "அனுப்புங்கள் அரசே" என்று மெதுவாகச் சொன்னான்.

நாட்டின் விதி அந்த ஒரு கணத்தில் நின்றது. பிழையை ஒப்புக்கொள்வதா, ஆணையைக் காப்பதா?

"ஆணையை நானே மீறினால் பூழன் செத்ததற்குப் பொருளே இல்லாமல் போகும்" என்றான் நெடுங்கோ. "வரைந்து அனுப்பு. இது கடினமான செய்தி இல்லையே. தண்ணீர், நெருப்பு, மனிதன். எல்லாம் கண்ணால் காண்பவை."

சேந்தி வரைந்தாள். வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக எதையும் வரைந்ததில்லை. நீண்ட துணியில் வரிசையாக ஆறு படங்கள். ஆற்றில் முகந்த குடம். அதைக் குடிக்கும் மனிதன். அவன் விழுந்து கிடக்கிறான். பிறகு அடுப்பில் கொதிக்கும் குடம். அதைக் குடிக்கும் மனிதன். அவன் நிமிர்ந்து நிற்கிறான்.

ஆறு துணிகள் மலைக்குப் போயின. ஆறு துணிகள் துறைக்குப் போயின. நகரத்தில் ஒன்று மாட்டினார்கள். நகரத்தார் மருத்துவர்களை வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். அங்கே சாவு குறைந்தது. நெடுங்கோ ஆறுதல் அடைந்தான்.

மலையிலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. துறையிலிருந்து உப்புப் படகு ஒன்றும் ஏறி வரவில்லை.

சேந்தி யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டாள். ஆற்றங்கரை வழியாகவே நடந்து துறைக்குப் போய்ச் சேர்ந்தாள். படகுத்துறையில் அவளுடைய துணி கட்டியிருந்தது. காற்றில் மடங்காதபடி நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டி, மேலே ஓலை வேய்ந்து மழைபடாமல் பாதுகாத்திருந்தார்கள். கீழே பூ வைத்திருந்தார்கள்.

அவள் அதைக் கடலின் பக்கமாக நின்று பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

துறையார் எல்லோரும் கடலிலிருந்து கரையேறுகிறவர்கள். துணியின் கடைசிப் படம்தான் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் படகை விட்டு இறங்கி நடக்க நடக்க, கடைசிப் படம் முதலில் வந்தது, முதல் படம் கடைசியில் வந்தது. நிமிர்ந்து நிற்கும் மனிதன் குடிக்கிறான். அடுப்பில் கொதித்த நீரைக் குடிக்கிறான். விழுந்து கிடக்கிறான். பிறகு குடிக்கிறான். ஆற்றில் முகந்த நீரைக் குடிக்கிறான்.

அலரியின் வீட்டு வாசலில் திமிலன் உட்கார்ந்திருந்தான். கண்கள் குழி விழுந்திருந்தன. உள்ளே யாரும் இல்லை.

"மதினி, நீ வருவாய் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்" என்றான். அவன் துறையார் பேச்சில் பேசினான், சேந்தியும் அதிலேயே கேட்டாள்.

"பிள்ளை?"

"பிள்ளைதான் முதலில். அவள் அடுத்த நாள்."

சேந்தி மணலில் உட்கார்ந்தாள்.

"அவள் என்றைக்கும் பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பாள்" என்றான் திமிலன். "உங்கள் அம்மா அப்படித்தான் பழக்கினார்களாம். அந்தத் துணி வந்த அன்றைக்கு எல்லோரோடும் போய்ப் பார்த்தாள். அக்கா கை என்று கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அன்றைக்கே அடுப்பை அணைத்தாள்."

"நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்."

திமிலன் அவளைப் பார்த்தான். கோபம்கூட அவன் முகத்தில் இல்லை. "படத்தை எந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று படத்தில் எங்கே போட்டிருக்கிறது மதினி?"

அவள் எழுந்து படகுத்துறைக்குப் போனாள். கரையேறியவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆற்று நீரை அப்படியே குடிக்காதீர்கள். கொதிக்க வைத்துக் குடியுங்கள். படத்தைத் தவறாகப் பார்த்துவிட்டீர்கள். அவர்கள் கேட்டார்கள். துணியையும் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள்.

"அரசன் துணியில் ஒன்று இருக்கிறது. உன் வாயில் வேறொன்று இருக்கிறது" என்றார் ஒருவர். "அரசன் பேரைச் சொல்லிக்கொண்டு வாயால் பேசுகிறவர்களை விரட்டியவன் அரசன்தானே?"

"அதை வரைந்தவளே நான்தான்."

"அப்படியானால் சரியாகத்தான் வரைந்திருப்பாய். இப்போது எதற்கு மாற்றுகிறாய்?"

அவள் துணியைப் பிடித்து இழுத்தாள். அரசாணையைக் கிழிக்க வருகிறாள் என்று நான்கு பேர் அவள் கையைப் பிடித்து முறுக்கித் தள்ளினார்கள். வலது மணிக்கட்டு உடைந்தது. திமிலன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் தன் வீட்டு அடுப்பை மூட்டி, கொதித்த நீரை எல்லோரும் பார்க்கும்படி குடித்தான். நாள்தோறும் குடித்தான். சாகவில்லை. அதைப் பார்த்துச் சில வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள். பிறகு இன்னும் சில வீடுகளில் மூட்டினார்கள். எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தபோது, ஊரில் பாதி வீடுகளே இருந்தன.

மலையில் நடந்தது பின்னால்தான் தெரிந்தது. அங்கே அவர்கள் படத்தைச் சரியான வரிசையிலேயே பார்த்தார்கள். ஆற்று நீர் குடித்தவன் நிம்மதியாகப் படுத்து உறங்குகிறான். கொதித்த நீர் குடித்தவன் உறக்கமில்லாமல் நிற்கிறான். நோயாளிக்கு உறக்கம்தானே நல்லது? அவர்கள் ஆற்று நீரையே கொடுத்தார்கள். கொற்றியும் குடித்தாள்.

நெடுங்கோ துறைக்கு வந்தான். முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புதைமேடுகளுக்கு நடுவே நடந்தான். சேந்தியின் முன்னால் வந்து நின்றான். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் ஒருவனைத் தவறாகக் கொன்றேன். அப்படி இனி நடக்கக் கூடாது என்று எண்ணி, ஊரையே கொன்றுவிட்டேன்" என்றான். "மொழிபெயர்ப்பவர்களை வரச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. ஆனால் இது போதாது சேந்தி. என் பேரனுக்குப் பேரன் இதே பிழையைச் செய்யக் கூடாது. ஆறு கடலில் கலக்கும் இந்த முகத்துவாரப் பாறையில் இதைச் செதுக்கப் போகிறேன். செத்தவர்கள் கிடக்க வேண்டும். அவர்கள் முன்னால் நான் தலைகுனிந்து நிற்க வேண்டும்."

சேந்தி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம் அரசே. சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊரிலும் அவரவர் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். செதுக்காதீர்கள்."

"சொல் மறந்துபோகும். கல் நிற்கும்" என்றான் அரசன்.

கல் நின்றது. சிற்பிகள் நன்றாகவே செதுக்கினார்கள்.

சேந்தி அதன்பிறகு நகரத்துக்குத் திரும்பவில்லை. துறையிலேயே இருந்துவிட்டாள். ஒலியை எழுதும் தன் வழியை அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் எண்ணினாள். இடது கையால் மணலில் ஒரு மீனை வரைந்து, இது மீன் அல்ல, மீனின் முதல் ஒலி என்று சொல்லத் தொடங்கினாள். தாய்மார்கள் ஓடி வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் கையால் போட்ட கோட்டை அந்த ஊரில் யாரும் இனி நம்பத் தயாராக இல்லை. அலைகள் மீனை அழித்துவிட்டுப் போயின. அவளும் மறுபடி வரையவில்லை. அந்த எழுத்து அவளோடு நின்றுபோனது.

காலம் போயிற்று. நெடுங்கோ இறந்தான். மாறோகன் இறந்தான். திமிலனும் ஒருநாள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நடந்ததைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

ஒருநாள் காலையில், முதியவளாகிவிட்ட சேந்தி முகத்துவாரப் பாறையருகே உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தம் கேட்டது. மலையிலிருந்து ஒரு திருமணக் கூட்டம் இறங்கி வந்தது. மணப்பெண் பாறையின் முன்னால் விளக்கேற்றினாள். கிடக்கும் மனிதர்களுக்கும், அவர்கள்மேல் குனிந்து நிற்கும் அரசனுக்கும் மஞ்சள் பூசினாள். அரசன் தன் மக்களை உறங்க வைத்து, ஆசி கொடுத்துக் காவல் நிற்கிறான் என்று நாடே நம்பியது. அந்த அரசனைக் கும்பிட்டுவிட்டு, அவன் காலடியில் ஆற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தால் குடும்பம் நோயில்லாமல் இருக்குமாம்.

மணப்பெண் குனிந்து தண்ணீரை அள்ளினாள்.

"குடிக்காதே அம்மா" என்றாள் சேந்தி. வயலார் பேச்சில் சொன்னாள். துறையார் பேச்சிலும் சொன்னாள். குன்றவர் பேச்சு அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். முதியவள் வாழ்த்துகிறாள் என்று எண்ணிப் புன்னகை செய்தாள். கையில் இருந்த நீரைக் குடித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சேந்தியின் கையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒருவர் பேச்சை ஒருவர் கற்கும் உழைப்புக்கு அஞ்சி, நாக்கை விலக்கிவிட்டுக் கண்ணை மட்டும் நம்பி எழுதும் எழுத்து, எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்வதுபோல் தோன்றி, கடைசியில் எவருக்கும் எதையும் சொல்லாமல் போகும்.